மையவாடிக்கு எல்லைக்கல்

நறுவிலிக்குடா,
சிலாவத்துறை.

அன்பு மகன் நௌஷாட்டுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா வாயால் சொல்ல உம்மா கையால் எழுதுவது. படைத்தவன் கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மருமகள் றிம்ஷாவும் பேரப்பிள்ளையும் அந்தக் கத்தார் வெயிலில் வாடாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறோம். உம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, நீ அனுப்பிய எண்ணெயால்தான் என்று அவ சொல்கிறா, காற்று மாறியதால் என்று நான் சொல்கிறேன், எதுவென்றாலும் நடக்கிறா. கறுத்த ஆடு குட்டி போட்டது. பின்பக்கத்துக் கூரையில் இரண்டு தகரத்தைக் கொண்டல் காற்று கிளப்பிவிட்டது, அதைத் திரும்ப அடித்தாயிற்று, அதற்கென்று நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். போனில் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒரு கதையைத் தொடங்கும்போதே நீ அதற்குப் பதிலைத் தொடங்கிவிடுகிறாய் மகன். போன கிழமையும் அப்படித்தான், வாப்பா கந்தோர் கந்தோரா அலைஞ்சது போதும், புத்தளத்து வீட்டைத் திறந்து அங்க போய் இருங்கோ, அந்த மண்ணில எனக்கு ஆரைத் தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ கோபத்தில் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னாய், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடைசிச் சொல்லுக்கு ஒரு பதில் இருக்கிறது, அதைச் சொல்ல நேரம் வேண்டும், குறுக்கே பேசாத கடதாசி வேண்டும். மீனவர் சங்கத் தலைவர் பாஹிமின் மைத்துனன் அடுத்த வெள்ளி டோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

விசயம் ஊரின் வட பக்கத்துக் கரைக் காணி. போன வருடம் கொழும்பில் இருந்து ஒரு விசாரணைக் குழு வந்தது, தொண்ணூறில் இயக்கக்காரர் எங்களை ஊரோடு வெளியேற்றிப் புத்தளம் போகவைத்தபோது எந்தக் காணி எதற்குப் பாவனையில் இருந்தது என்று எழுதப் போகிறோம் என்றார்கள். வந்த அதிகாரி தெற்கில் இருந்து வந்த இளம் ஆள், முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். அவரோடு மொழிபெயர்க்க ஒரு சிங்களப் பிள்ளை வந்திருந்தா, வகுப்பில் தமிழ் படித்தவ, நல்ல மரியாதையான பிள்ளை, எங்களை ஐயா ஐயா என்றுதான் கூப்பிட்டா. பள்ளிவாசல் முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி ஊரே சுற்றி நின்றது. தெற்குப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டார்கள், வாடி சேர் என்றோம், உனக்குத் தெரியும்தானே, வலையும் மீனும் வைக்கிற கொட்டிலை இங்கே வாடி என்றுதான் சொல்வது, சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். சரி, வடக்குப் பக்கம் என்ன இருந்தது என்றார்கள். மையவாடி சேர் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னோம். அந்தப் பிள்ளை தலையை ஆட்டி ஆட்டி எழுதினா. தேத்தண்ணி கொடுத்து அனுப்பி வைத்தோம், இவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்களிடம் வந்து கேட்டு எழுதுகிறார்களே என்று எனக்கு அன்றைக்கு மனம் நிறைந்துதான் இருந்தது.

பிறகு ஒரு நாள் சங்கக் கட்டடத்துச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். மேலே சிங்களம், கீழே தமிழ். வடக்குக் கரையில் ஐஸ் தொழிற்சாலையும் பருவத்துக்கு வந்து போகிற மீனவருக்குக் கொட்டில்களும் வரப் போகிறதாம். பொடியன்மார் வெடி கொளுத்தாத குறை. பாஹிம் அந்தத் தாளைப் போனில் படம் பிடித்து வந்து எங்கள் முற்றத்தில் நின்று, மாமா ஐஸ் வருகுது, இனி நம்மட மீன் றோட்டு ஏறமுந்தி நாறாது என்று துள்ளினான். எனக்கும் சந்தோசம்தான், இல்லை என்று சொன்னால் பொய். உம்மாதான் போனை வாங்கித் தமிழ்ப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தா. மத்திய வாடி அமைந்திருந்த அரச நிலம் என்று ஒரு இடத்தில் வந்தது. பாஹிம் சிரித்தான், எங்கட ஊரில மத்திய வாடி எங்க இருந்தது, மத்திய வங்கி மாதிரி பெருசா என்றான். நானும் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. அந்த வரியைத் திரும்ப ஒருமுறை வாசித்தா, பிறகு சத்தமில்லாமல் ஒருமுறை வாசித்தா, பிறகு போனைப் பாஹிமின் கையில் கொடுத்துவிட்டு, இது மத்திய வாடி இல்ல, மையவாடி எண்டு நீங்க சொன்னதை அந்தப் பிள்ளை மையத்தில இருக்கிற வாடி எண்டு எழுதியிருக்கு என்றா. உள்ளே போனவ மகரிபுத் தொழுகை நேரம் வரைக்கும் வெளியே வரவில்லை.

உனக்கு விளங்கியிருக்கும். மையத்து என்றால் இறந்தவர், மையத்துகளை அடக்குகிற இடம் மையவாடி, பிறந்ததில் இருந்து வேறு சொல் எங்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை படித்த புத்தகத்தில் மையம் என்றால் நடு. அவ பொய் எழுதவில்லை, தெரிந்ததை எழுதினா. இப்படி எங்கள் வாப்பா உம்மாமாரும் அவர்களின் வாப்பா உம்மாமாரும் படுத்திருக்கிற இடம் கடதாசியில் பெரிய மீன் கொட்டிலாகி, அதற்கு மேலே கொங்கிறீட் போடக் குறிப்பு வைத்தாயிற்று.

பள்ளிவாசல் ஆட்களோடு நானும் அரசாங்கக் காணிக் கந்தோருக்குப் போனேன். கோப்பு கொழும்பில் இருக்கிறது, ஆட்சேபனை என்றால் காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவாருங்கோ என்றார்கள். மையவாடிக்கு யார் மகன் உறுதி எழுதினார்கள், யாரோ ஒரு காலத்து மரைக்கார் இது ஊருக்கு என்று வாயால் சொன்னார், அன்றைக்கு அது போதுமாக இருந்தது. பெயர் எழுதின கல் ஏதும் இருக்குதா என்று அடுத்துக் கேட்டார்கள். அதுவும் இல்லை. தலைமாட்டில் ஒரு கடற்கல், கால்மாட்டில் ஒரு கடற்கல், அதுதான் எங்கள் வழக்கம், அதையும் நாங்கள் புத்தளத்தில் இருந்த காலத்தில் மணலும் உடைமரமும் மூடிவிட்டது. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். புத்தளத்தில் நாங்கள் அரிசிக் கூப்பன் கேட்டுப் போனால் நீங்க மன்னார் ஆக்கள், அங்க போய்க் கேளுங்கோ என்பார்கள். இங்கே திரும்பி வந்து வீடு கேட்டால் நீங்க புத்தளத்து ஆக்கள்தானே என்றார்கள். இருக்கிறவனைத்தான் அப்படி அங்குமிங்கும் தள்ளலாம், இறந்தவர் நகராமல் கிடக்கிறார்களே, அவர்கள் ஒரு இடத்து ஆட்கள் என்றாவது ஒத்துக்கொள்ளமாட்டார்களா என்று நினைத்தேன்.

சாட்சிக்கு வெளி ஆள் ஒருவர் வந்து சொன்னால் பாரம் கூடும் என்று கந்தோரில் ஒருவர் சொன்னார். அதனால் முருங்கன் பக்கத்துத் தம்புவைக் கூப்பிட்டேன். நீ சின்ன வயதில் அவரைப் பார்த்திருக்கமாட்டாய், திரும்பி வந்த பிறகு பார்த்திருப்பாய், வயல்காரர், அந்தக் காலத்தில் அவர் நெல்லும் நான் கருவாடும் மாற்றிக்கொள்வோம், எங்கள் வீட்டு மையத்துக்கு வந்து தூரத்தில் நிற்பார். விசாரணைக் குழு அதிகாரியும் அந்தப் பிள்ளையும் திரும்பக் கந்தோருக்கு வந்த அன்றைக்கு, அந்த மனிசன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மகனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அதிகாரிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, சேர், அது இவையளின்ர சுடலை, நான் சின்னனில இருந்து பாத்தனான் என்றார். சுடலை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், எரிக்கிற இடம் என்று அதிகாரிக்குச் சொன்னா. முஸ்லிம்கள் எரிப்பதில்லையே, அப்ப அது இந்துக்களின் இடமா என்று அவர் கேட்டார். தம்பு பதறிப் போய், ஐயோ இல்லை சேர், இவை எரிக்க மாட்டினம், இவை தாக்கிறவை என்றார். மண்ணுக்குள் வைப்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பிள்ளையின் பேனை நின்றுவிட்டது. யாரைத் தாக்கினாங்க ஐயா, எந்த வருசம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டா. எங்கள் ஊர் போன்ற ஊரில் அந்தச் சொல் கோப்பில் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நல்ல மனதோடு வந்தவர் மீன் கொட்டிலைச் சுடலையாக்கி, சுடலையில் சண்டையும் மூட்டிவிட்டார். வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே நின்று தம்பு என்னிடம், என்னப்பா, இனி நான் செத்தால் என்னை உங்கட ஊரிலதான் எரிக்கோணும் போல கிடக்கு என்றார். ஐஸுக்குப் பக்கத்திலதானே, சூடு தெரியாது, வாங்கோ என்றேன். இதை எழுத வேண்டாம், நம்மட பிள்ளை வாப்பாவுக்கு விளையாட்டு என்று நினைக்கும் என்கிறா உம்மா. எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குள்ளும் ஒரே பேச்சு இல்லை. பாஹிம் வந்து, மாமா, நீங்க புத்தளத்துச் சந்தையில சிங்களம் கதைச்ச ஆள்தானே, அவங்கட பாசையில ஒருக்கா சொல்லிவிடுங்கோவன், கதை முடிஞ்சிடும், இழுபட்டா ஐஸ் வேற ஊருக்குப் போயிடும் என்றான். பள்ளிவாசலை நடத்துகிற இப்போதைய மரைக்கார் விடவில்லை. தமிழிலயும் கருமம் பாக்கலாம் எண்டு சட்டம் இருக்குது, விளங்கிக்கொள்ள வேண்டியது அவங்கட வேலை, ஒரு சொல்லுக்கு நாம இறங்கினா பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் இறங்கோணும் என்றார். இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், அதுதான் எனக்குக் கஷ்டம். பாஹிம் மீனோடு போராடுகிறவன், அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். மரைக்கார் சொல்வது நாளைக்கு உன் பிள்ளைக்கும் சேர்த்து. எழுதுகிறவருக்கு எங்கள் சொல் தெரியாது, சொல் தெரிந்த எனக்கு எழுதத் தெரியாது, நடுவில் ஒரு சின்னப் பிள்ளையை நிறுத்தி ஒரு முழு ஊரையும் அவவின் தலையில் ஏற்றினால் அவதான் என்ன செய்வா. உண்மையைச் சொன்னால் என்னிடம் அந்தச் சிங்களமும் இல்லை மகன். மீனின் விலை, நிறை, வா, போ, நாளைக்குத் தா, அவ்வளவுதான் சந்தையில் படித்தது. மையவாடிக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. சந்தையில் அந்தச் சொல்லுக்குத் தேவை வரவில்லை.

போன மாதம் அந்த அதிகாரி தானே இடத்தைப் பார்க்க வந்தார். அதை நல்ல காரியம் என்றுதான் சொல்லவேண்டும், வராமலே முடித்திருக்கலாம். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு உடைமுள்ளை வெட்டி வெட்டி உள்ளே போனோம், ஊர் ஆண்கள் கொஞ்சப்பேர், அதிகாரி, அந்தப் பிள்ளை. அவ இப்போது ஒரு சொல்லை எழுதமுந்தி மூன்று தரம் கேட்கிறா, தாக்கிறவையால் வந்த பயம். அதிகாரி சுற்றிப் பார்த்தார், மணலும் பற்றையும்தான், நீங்கள் சொல்வதை நம்புகிறேன், ஆனால் நான் எதைப் பார்த்தேன் என்று எழுதுவது, மணல் எல்லா இடத்திலும் மணல்தான் என்று சொன்னாராம், அந்தப் பிள்ளை திருப்பிச் சொன்னா. மரைக்கார் சட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் அதிகாரியின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வளைந்த பாலைமரமும் கடலில் துருத்திக்கொண்டு நிற்கிற பாறையும் ஒரே கோட்டில் வருகிற இடம். அந்த இடத்தில் மண்ணை நான் என் கையால் தள்ளியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் யோசிக்க வரவில்லை, பாஹிம் சொன்னதும் மரைக்கார் சொன்னதும் மறந்து போயிற்று, சந்தைச் சிங்களம் தானாக வாயில் வந்துவிட்டது. மகே புத்தா மெத்தன இன்னவா என்றேன். என் மகன் இங்கே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த மனிசன் திரும்பித் திரும்பிப் பார்த்தார், கூட வந்த பொடியன்மாரில் யார் என்று தேடினார், கோ, கோ என்று கேட்டார், எங்கே எங்கே என்று. நான் குனிந்து மணலில் கையை வைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு மெல்ல ஒரு பக்கம் தள்ளி நின்றார். வயது என்ன என்று அந்தப் பிள்ளையைக் கொண்டு கேட்டார். நாலு என்றேன். நான் சொன்னது பிழையாம், போகும்போது அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து சொன்னா, அந்தச் சொல் உயிரோடு இருக்கிறவருக்குத்தானாம், இறந்தவருக்கு வராதாம். ஆனா சேர் அப்படியே எழுதச் சொன்னார் ஐயா என்றா.

நௌஷாட், உனக்கு முன்னால் பிறந்த மூத்தவன், ஒரு நானா இருந்தான் என்று உனக்குத் தெரியும், அதற்கு மேல் நாங்கள் சொன்னதில்லை. பெயர் இன்ஸாப். காய்ச்சல் வந்து, மன்னார் ஆசுபத்திரிக்கு வள்ளத்தில் கொண்டுபோகக் காற்று விடவில்லை, அவ்வளவுதான். அவனுக்குப் பிறகு நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளம் போன பிறகு ஓலைக் கொட்டிலில் நீ பிறந்தாய். உன்னிடம் அவனைப் பற்றிப் பேசினால் உன்னைக் குறைத்ததாக ஆகிவிடுமோ என்று உம்மா பயந்தா. இந்த இடத்தில் உம்மா பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவி வந்து எழுதுகிறா.

நான் கரையில் நடந்ததை வீட்டுக்கு வந்து சொன்னபோது, கிட்டப் போனீங்களா என்று மட்டும் கேட்டா. எங்கள் பக்கத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை, உனக்குத் தெரியும். அவனை வைத்துத் தூக்கின சந்தூக்கு வாசலைத் தாண்டினதோடு உம்மாவுக்கு அவன் போனான், எந்தப் பக்கம் வைத்தேன் என்று நான் சொன்னதை வைத்துத்தான் இவ்வளவு காலம் நினைத்திருக்கிறா. அடுத்த நாள் காலையில், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ, நான் உள்ளுக்கு வரமாட்டன், வெளியில நிக்கிறன் என்றா. போகும் வழியில் இரண்டொருவர் பார்த்தார்கள், ஒருவன், காக்கா, ராத்தாவையும் ஐஸ் பாக்கக் கூட்டிப் போறீங்களோ என்று கேட்டான், உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தா. பற்றை ஓரத்துக்கு வந்ததும் நின்று என்னிடம் கேட்டா, எதுவரைக்கும் வெளி, எங்க இருந்து உள்ளுக்கு என்று. மகன், எந்தக் கந்தோரும் அந்தக் கோட்டைப் போட்டுத் தரவில்லை, வேலி இல்லை, கல் இல்லை, பற்றை எல்லாம் ஒன்றாக வளர்ந்து கிடக்கிறது. ஆனால் உம்மாவின் காலுக்கு அது தெரிய வேண்டும், வழக்கத்தை மீறவும் கூடாது, வேண்டியதை விடத் தூரத்தில் நிறுத்தவும் எனக்கு மனமில்லை. நான் முதலில் யாரை எங்கே அடக்கினோம் என்று ஒவ்வொருவராக நினைத்து நடந்து, கடைசிக் கபுருக்கு இந்தப் பக்கம் வந்து காலால் மணலில் ஒரு கோடு கீறினேன். உம்மா அந்தக் கோட்டில் விரல் படுகிற மாதிரி நின்று சலாம் சொன்னா. நான் உள்ளே போய் அவனுடைய இடத்தின் ஓரத்தில் நின்றேன், அவ என்னைப் பார்க்கவில்லை, என் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றா. இவ்வளவு கிட்டவா என்று பிறகு கேட்டா. நான் மிச்சம் தூரம் எண்டெல்லோ நினைச்சிருந்தனான் என்றா.

இப்போது முடிவைக் கேள். ஐஸ் தொழிற்சாலையைத் தெற்குப் பக்கத்து உண்மையான வாடிக் காணியில் மேட்டைப் பார்த்துப் போடலாம் என்று அதிகாரி எழுதி அனுப்பியிருக்கிறார், பாஹிமும் அதற்குச் சம்மதம். கொழும்பு ஒத்துக்கொள்ளுமோ இல்லையோ, அது இன்னும் தெரியாது, நான் தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வருகிற திங்கட்கிழமை நில அளவைக்காரர் வந்து எல்லைக்கல் நாட்டப் போகிறார்கள். அடையாளம் காட்டப்படுகிற ஒவ்வொரு கபுரும் வரைபடத்தில் ஏறும். காட்டுகிற கிழவனோடு அந்தக் குடும்பத்து அடுத்த தலைமுறை ஆள் ஒருவரும் நின்று ஒப்பம் வைக்க வேண்டுமாம், நீங்கள் எல்லாம் போன பிறகு நாங்கள் யாரைக் கேட்பது என்று அதிகாரி சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னது ஞாயம். அந்த இடம் இப்போது என் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் பாலைமரத்தையும் பாறையையும் எழுதிவிட்டேன், மரம் விழலாம், அதோடு ஒரு சொல் எழுத்தில் ஏறும்போது என்னவாகும் என்று நான் பார்த்துவிட்டேன், உம்மாவின் கையெழுத்தையும் நான் முழுக்க நம்பமாட்டேன் என்று சொல்ல அவ முறைக்கிறா. நீ வந்து என் பக்கத்தில் நின்று உன் காலால் நடந்து வந்து, அந்த இடத்தை மிதிக்காமல் அறிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நீ கத்தாரில் இரு, புத்தளத்தில் இரு, எங்கே வேண்டுமென்றாலும் இரு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அந்த மண்ணில எனக்கு ஆரைத் தெரியும் என்று கேட்டாய். வா, தெரியப்படுத்துகிறேன்.

றிம்ஷாவிடம் கோபமாகப் பேசாதே, பிள்ளைக்குக் குளிர் அறையில் இருந்து வெயிலுக்குப் போகும்போது தலையை மூடச் சொல். தொழுகையை விடாதே. அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் கை நிறைந்த பறக்கத்தையும் தருவானாக, உங்கள் கண் முன்னால் உங்கள் பிள்ளை வளர்ந்து பெரிய ஆளாவதை நீங்கள் காண்பீர்களாக, ஆமீன். நேரத்தோடு லீவைக் கேட்டு வை, கடைசியில் கேட்டால் தரமாட்டார்கள். வீட்டில் யாருக்கும் சுகமில்லை என்று பொய் சொல்ல வேண்டாம், அது பலித்துவிடும் என்கிறா உம்மா. என்ன காரணம் என்று முதலாளி கேட்டால், ஊரில் நானாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் வாப்பா முஹைதீன், பெருவிரல் அடையாளம்
எழுதியது உம்மா கைருன்னிசா